நகலின் நகல்: ஒரு திருத்தம்

மூன்று இதழ்களுக்கு முன் இதே பக்கங்களில் வந்த என் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். 'சினிமாப் பாட்டு ஒரு நகல். அதைத் திருவிழா மேடையில் வாசிக்கும் மெல்லிசைக் கச்சேரி நகலின் நகல்.' எழுதியபோது நல்ல வாக்கியமாகத்தான் தோன்றியது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவனுக்கு பிளேட்டோவின் கட்டில் எப்போதும் கைவசம் இருக்கும்: தச்சன் செய்த கட்டில் மூலக் கட்டிலின் நகல், ஓவியன் வரைந்தது அந்த நகலின் நகல். படிப்பு தரும் சௌகரியங்களில் இது ஒன்று. காதால் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆசிரியர் அதை வெட்டவில்லை. வாசகர் எவரும் ஆட்சேபித்து எழுதவில்லை. எனவே நானே ஆட்சேபிக்க வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் தவறு. ரசனையில் தவறு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, விவரத்திலேயே தவறு.

நகல் என்றால் மூலம் ஒன்று வேண்டும். சினிமாப் பாட்டுக்கு மூலம் எது? ஒரு காலத்தில் வாத்தியக் கோஷ்டியும் பாடகரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள் என்பது சரி. அங்கேயும் எதிரே இருந்தது மைக்தான், கேட்பவன் இல்லை. பிறகு பல தடங்களில் பதிவு செய்யும் முறை வந்தது. தாளம் ஒரு நாள், வயலின்கள் ஒரு நாள், பாடகி வந்து பாடிவிட்டுப் போனது இன்னொரு நாள். இன்று அவரவர் வீட்டறையிலிருந்தே துண்டு துண்டாக அனுப்பிவிடுகிறார்கள். மொத்தப் பாட்டும் ஒரு வேளையில், ஓர் இடத்தில், சில மனிதர்களின் கையாலும் குரலாலும் நிகழ்ந்தது என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட அதன் சரித்திரத்தில் இல்லை. அப்படி அது முதன்முதலாக நிகழ்வது ஆடி மாதத்தில் ஏதோ ஓர் அம்மன் கோயில் தெருவில், சவுண்டு சர்வீஸ்காரர் அடுக்கிய இரண்டு ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கு நடுவில். பதிவை எழுதிவைத்த நாடகம் என்று கொண்டால், அதற்கு அரங்கேற்றம் இந்தப் பந்தலில்தான்.

வால்டர் பெஞ்சமின் 1936ல் வெளியிட்ட தன் பிரசித்தமான கட்டுரையில், இயந்திரம் பிரதி எடுக்கத் தொடங்கியதும் கலைப்படைப்புக்கு இருந்த 'இங்கே, இப்போது' என்ற குணம் போய்விடுகிறது என்றார். அதைச் சிறுபத்திரிகைகளில் நாம் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியாகிவிட்டது. பொழிச்சலூரில் விஷயம் தலைகீழாக இருக்கிறது. இயந்திரத்துக்குள்ளேயே பிறந்த ஒன்றுக்கு இந்த 'இங்கே, இப்போது' என்பதை ஒரு ஆள் இராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நின்றுகொண்டே சம்பாதித்துக் கொடுக்கிறார். அந்த ஆள் கீபோர்டுக்காரர்.

நான் சொல்வது ஏதோ ஒரு தத்துவார்த்தக் கீபோர்டுக்காரரைப் பற்றி இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அனகாபுத்தூர் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, ஐம்பதை நெருங்குகிறவர். 2016 ஜனவரியில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் நகைக்கடன் மேஜைக்கு வந்தார். "மூணு சவரன் சங்கிலி சார். வெச்சா எவ்ளோ வரும்?" மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்ற இடத்துக்கு வந்தேன். "கீபோர்டு வாங்கணும்" என்றார். கணிப்பொறிக்கு வைத்துத் தட்டும் கீபோர்டு என்று நினைத்து, அதற்கு எதற்கு மூன்று சவரன் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தில் 'சொந்தத் தேவை' என்று எழுதினேன். கலைக்கென்று அந்தப் படிவத்தில் பெட்டி கிடையாது. இருந்தாலும் அப்போது நான் அதில் குறியிட்டிருக்க மாட்டேன்.

பழைய கீபோர்டு என்ன ஆயிற்று என்பதை அந்த மாதத்தில் அந்த ஊரில் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறியபோது அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், கௌல் பஜார் எல்லாம் தண்ணீருக்குள் போயின. அவர் அதைக் கட்டிலின் மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் கட்டிலுக்கு மேலும் ஏறியது. சேறு காய்ந்த பிறகு திறந்து, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இருக்கும் ரப்பர்ப் பட்டையை எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து மாட்டினாராம். உயிர் வந்தது. ஆனால் சில கட்டைகள் ஊமை; சில கட்டைகள் மெல்லத் தொட்டாலே அலறின.

ஏன் அலறின என்று அவர் பின்னாளில் விளக்கியதைக் கேட்டுத்தான் இந்த வாத்தியத்தைப் பற்றி எனக்கு முதல் மரியாதை ஏற்பட்டது. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. விரல் அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது சற்றுப் பின்னால் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் குறைந்தால் ஓசை பெரிது, கூடினால் சிறிது. விரலின் பலத்தை அந்தப் பெட்டி அளப்பதில்லை, காலத்தை அளக்கிறது. முதல் தொடுமுனையில் சேறு படிந்துவிட்டால் கணக்குத் தவறிப்போய் அது கத்துகிறது. 'மென்மை' என்று நாம் சங்கீத விமர்சனத்தில் எழுதித் தள்ளும் சொல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இவ்வளவு துல்லியமான, இவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகக்கூடிய விஷயமாக இருக்கிறது.

புதிதாக வாங்கியது அறுபத்தொரு கட்டைகள் கொண்டது. அதனோடு போவன: எக்ஸ் வடிவ ஸ்டாண்டு, பெடல், அடாப்டர், அடாப்டர் போனால் போட இன்னொரு அடாப்டர், நான்கு கேபிள், இன்சுலேஷன் டேப், சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். ஜெனரேட்டரில் எர்த் சரியில்லாவிட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கச்சேரி முழுக்கக் கூடவே பாடும். மின்னழுத்தம் இறங்கினால் பாட்டின் நடுவே கீபோர்டு அணைந்து மறுபடி முதல் டோனில் விழித்துக்கொள்ளும். வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பியானோ வாசிக்கத் தொடங்குவார். குட்டியானையில் இடம் இருந்தால் வாத்தியம் வண்டியில், இல்லாவிட்டால் மடியில். பேசிய தொகை கைக்கு வருவது விழாக் கமிட்டியின் தர்ம சிந்தனையைப் பொறுத்தது. இவற்றை நான் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. வறுமையைக் காட்டிக் கலைக்கு மதிப்பெண் வாங்கித் தருவது நம் விமர்சனத்தில் ஒரு வியாதி. ஏழைக் கலைஞன் மோசமாக வாசித்தால் அது மோசம்தான்.

பிரச்னை வேறு. நாற்பது பேர் வாசித்ததை ஒருவர் இரண்டு கைகளால் வாசிக்க வேண்டும். முடியாது. எதை விடுவது?

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் கிதாரில் தொடங்கும் பாட்டு எல்லா மேடைகளிலும் உண்டு. குழுவில் கிதாரிஸ்ட் இல்லாத நாளில் அந்த முகப்பு கீபோர்டுக்காரர் தலையில் விழும். கிதாரில் ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் தந்தி தானாக அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து அந்த நிலா வெளிச்சம் உண்டாகிறது. கீபோர்டில் விரலை எடுத்தால் ஓசை நின்றது. பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கூழாகிவிடும். பம்மல் பக்கம் ஒரு மேடையில் நான் கேட்ட ஓர் இளைஞர் அத்தனை ஸ்வரங்களையும் விடாமல், மிக வேகமாக, பெடலோடு வாசித்தார். ஒன்றும் தப்பில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. நம் ஆள் பாதியை விட்டுவிட்டார். கீழ் ஸ்வரத்தை மட்டும் இடது கைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே ஆறுக்கு மூன்றை வாசித்தார்; விட்ட மூன்றையும் என் காது போட்டுக்கொண்டது. எதை விட்டால் கேட்பவனின் ஞாபகம் வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கவிதையில் இதைச் செய்தால் நாம் சிக்கனம் என்கிறோம், படிமம் என்கிறோம், சிறப்பிதழ் போடுகிறோம்.

இதே போல இன்னொன்று. கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதை உருட்டினால் ஸ்வரம் வளையும், சாதாரணமாக இரண்டு அரைஸ்வரம் மேலே, இரண்டு கீழே. நம் சங்கீதத்தின் கமகம் அந்தச் சின்னச் சக்கரத்தில்தான் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் சக்கரத்தில் இடது கை இருக்கிறவரை பாஸ் வாசிக்கக் கை இல்லை. கமகம் வேண்டுமானால் அஸ்திவாரத்தை விட வேண்டும். அஸ்திவாரம் வேண்டுமானால் கமகத்தை விட வேண்டும். ஒவ்வொரு சரணத்திலும் இந்தத் தேர்வு இருக்கிறது. புல்லாங்குழல் இடையிசை வரும்போது அவர் பாஸைக் கைவிடுகிறார். பல்லவிக்குத் திரும்பியதும் கை அஸ்திவாரத்துக்கு வந்துவிடுகிறது. தபலாக்காரர் அந்த இடத்தில் இடது டக்காவைக் கொஞ்சம் கனமாக அடித்து அவரைத் தாங்குகிறார். இது ஒத்திகையில் பேசிவைத்ததா என்று கேட்டேன். "ஒத்திகைக்கு ஏது தம்பி நேரம்" என்றார்.

ஹார்மோனியத்தில் கமகம் வராது, அதன் ஸ்ருதி நம் ஸ்ருதி அன்று என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940ல் அதைத் தடை செய்தது, 1971ல்தான் தளர்த்தியது. சொன்ன காரணத்தில் பொய் இல்லை. ஹார்மோனியத்துக்கு வளையத் தெரியாதுதான். ஆனால் அந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் வானொலி நிலையத்துக்கு வெளியே, நாடகக் கொட்டகையிலும் கட்சி மேடையிலும் அந்த வளையாத பெட்டியை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை வித்வத் சபைகள் கேட்டுக்கொள்ளவில்லை. பாவலர் வரதராஜனின் குழுவில் ஹார்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போன தம்பிதான் 1976ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். ஆர்.கே. சேகர் 1976ல் மறைந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்த வாத்தியங்களோடு வளர்ந்த பையன் பிறர் இசையில் கீபோர்டு வாசித்துப் பல வருஷங்கள் கழித்து 1992ல் 'ரோஜா'வைத் தந்தார். இந்த இரண்டு சரித்திரங்களையும் வெற்றிக் கதைகளாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கூலிக்குக் கட்டை அழுத்திய அந்த வருஷங்களை ஒரு சங்கீதப் பயிற்சியாக, ஒரு கேட்கும் முறையாக யாரும் எழுதவில்லை. இளையராஜாவின் பதிவுகளில் கீபோர்டு வாசித்த விஜி மானுவலின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? கேஸட் உறையில் வாத்தியக்காரர் பெயரைப் போடும் வழக்கமே நம்மிடம் பொதுவாக இருந்ததில்லை. ரஹ்மான் அதை மாற்றினார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பெட்டிக்கும் தனக்கென்று ஒரு பார்வை உண்டு. 1991ல் உலகத்து மின் வாத்தியங்களுக்கெல்லாம் பொதுவாக 128 ஒலிகளின் பட்டியல் ஒன்றை நிர்ணயித்தார்கள். அதில் சிதாருக்கு ஓர் எண் உண்டு, ஷெனாய்க்கு உண்டு, ஜப்பானிய கோட்டோவுக்கு உண்டு, துப்பாக்கிச் சுடும் சத்தத்துக்குக்கூட உண்டு. வீணைக்கு இல்லை. நாகஸ்வரத்துக்கு இல்லை. கல்யாணப் பாட்டில் நாகஸ்வரம் வர வேண்டிய இடத்தில் அவர் ஷெனாயையும் ஓபோவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருகுவார். அசல் நாகஸ்வரம் போல் இருக்காது. நாகஸ்வரத்தை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் வாசிப்பது போல் இருக்கும். பிற்பாடு இந்தியச் சந்தைக்கென்றே தபலாவும் தம்புராவும் அடைத்த மாதிரிகள் வந்துவிட்டன. 2019ல் யமஹா சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலையும் தொடங்கியது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பக்க வாத்தியமும் தானாக ஓடும். 'ஸ்டைல்' என்று அதற்குப் பெயர். ஒரு கலைஞனுக்கு வாழ்நாளில் அமைந்தால் அமையும் ஒன்றின் பெயரை ஒரு பொத்தானுக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டு ஒற்றை விரலால் பல்லவி வாசிப்பவர்கள்தான் இன்று மேடையில் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் பழைய வாக்கியம் அவர்களுக்குப் பொருந்தலாம்.

ஆனால் குற்றத்தில் பெரும் பங்கு நம்முடையது. கச்சேரி முடிந்து எழுந்து போகிறவர்கள் வாயில் இருக்கும் ஒரே பாராட்டு 'அப்படியே இருந்துது.' ரிக்கார்டில் உள்ளது போல அப்படியே. கர்நாடக சங்கீதத்தில் ஒரு கீர்த்தனையை இன்னொருவர் போல அப்படியே பாடினால் வசவு. இங்கே அதுவே பட்டம். ஐம்பது வருஷமாக இந்த ஒரே சொல்லால் ஒருவரை அளந்துகொண்டிருந்தால் அவர் என்ன ஆவார்? முதலில் இயந்திரம் மாதிரி வாசிக்கப் பழகுவார். பிறகு அவரைவிட 'அப்படியே'யாக வாசிக்கும் இயந்திரம் வரும். வந்துவிட்டது. மைனஸ் டிராக் என்று பெயர்: குரலை மட்டும் நீக்கிய பதிவு. பன்னிரண்டு பேர் ஏறிய மேடையில் ஐந்து பேர் ஆனார்கள், பிறகு இரண்டு பாடகர்களும் ஒரு செல்போனும். 2020லும் 2021லும் நோய்த்தொற்றால் திருவிழாக்கள் நின்றன. மறுபடி தொடங்கியபோது பல கமிட்டிகளுக்கு செல்போனே போதும் என்று ஆகியிருந்தது. 2017ல் மேடையில் பாட்டைப் பாட யாருக்கு உரிமை என்று இளையராஜாவின் தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போனபோது எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம், நானும் பேசினேன். இசையமைப்பாளரைப் பற்றிப் பேசினோம், பாடகரைப் பற்றிப் பேசினோம். அவர்களுக்குப் பின்னால் நின்று இடையிசை வாசித்தவர் அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் என்று எவரும் கேட்கவில்லை.

பொழிச்சலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விமான நிலையம் பக்கத்தில். இராத்திரியில் விமானம் எழும்பும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். விருந்தினர்கள்தான் கத்திப் பேசுவார்கள். ஒரு கச்சேரியில் அனுபல்லவிக்கு முன் இப்படி ஒன்று எழும்பியது. பாடகி வாயைத் திறக்கப் போகிறவர் நின்றார். கீபோர்டில் தந்தி வாத்தியங்களின் ஒரு சுருதிக்கட்டு இறங்காமல் நின்றது. தபலா அதன் கீழே இரண்டு ஆவர்த்தனம் சும்மா நடந்தது. இரைச்சல் தேய்ந்த இடத்தில் ஒரு சின்ன இறக்கம், பாடகி உள்ளே வந்தார். ரிக்கார்டில் அந்த இரண்டு ஆவர்த்தனம் கிடையாது. என்னுடைய வாக்கியத்தில் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அங்கேதான்.

போன ஆடியில் எங்கள் பக்கத்துக் கோயிலில் மறுபடி கச்சேரி. மைனஸ் டிராக்தான். ஆனாலும் மேடை வெறிச்சென்று இருக்கக்கூடாது என்று கமிட்டியில் யாரோ சொல்லி, பாதித் தொகைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கீபோர்டு ஸ்டாண்டில் இருந்தது, கேபிளும் சொருகியிருந்தது. மிக்ஸரில் அவருடைய தடத்தை முழுக்க இறக்கி வைத்திருந்தார்கள். நான் மேடை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "சும்மா நிக்கறது கஷ்டம் தம்பி" என்று வரும்போதே சொல்லியிருந்தார். நிற்கவில்லை; எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார். ஓசை கேட்காது, பக்கத்தில் இருந்ததால் கட்டைகள் தடதடப்பது மட்டும் கேட்டது.

ஒன்பதரை மணிக்கு மேல் இருக்கும். பத்துக்கு நிறுத்த வேண்டும், தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. அந்தக் கிதார்ப் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன் இடையிசையின் நடுவில் எல்லாம் ஒரேயடியாக நின்றது; ஒலிபெருக்கிகளில் ஒரு செல்போன் மணி அடித்தது. டிராக் ஓடிக்கொண்டிருந்த போனுக்கு யாரோ அழைத்துவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விழித்தார். இவர் மிக்ஸர் பக்கம் திரும்பி விரலை மேலே ஆட்டினார். சவுண்டு சர்வீஸ் பையன் புரிந்துகொண்டு தடத்தை ஏற்றினான். விட்ட இடத்திலிருந்து அவர் எடுக்கவில்லை. அந்த இடம் போய்விட்டது, எடுத்திருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். முகப்பின் கிதார் வரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஆறுக்கு மூன்றாக, இரண்டு சுற்று வாசித்தார், பாடகர் மூச்சு வாங்கிக்கொள்ள. அதற்குள் தபலாக்காரர் இல்லை என்பது நினைவு வந்திருக்க வேண்டும். இடது கை கீழ் ஸ்வரத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கமகத்துக்குக் கை இல்லை. சரணம் முழுவதும் குரலுக்குக் கீழே வயலின்களும் இல்லை, குழலும் இல்லை, அந்த ஒரே துண்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் மாறி. பாடகர் நன்றாகப் பாடுகிறவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அப்படியே இல்லையே, மாத்திட்டான்ல?" என்றார். ஆமாம் என்றேன். எந்த இடத்திலிருந்து மாற்றினார் என்பதையும் அவர் சரியாகச் சொன்னார்.